பத்தாம் தேதிச் சாமான்: நாலு கடை ஏறி இறங்கினால் மிச்சமா, அலைச்சலா?

லயத்து வீட்டுக்காரி:
வணக்கம். நாங்கள் மலைநாட்டில் கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். வீட்டில் ஆறு பேர். போன மாதம் பத்தாம் தேதி சம்பளம் வந்ததும் மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, நாங்கள் மாதாமாதம் வாங்கும் 14 சாமானின் விலையை மூன்று இடத்தில் எழுதினேன். தோட்டத்துக் கடை, ஹட்டன் சதொச (அரசாங்கக் கடை), ஹட்டனில் ஒரு பூட் சிட்டி சூப்பர்மார்க்கெட்.

எல்லாம் மலிவாக விற்கிற கடை என்று ஒன்று இல்லவே இல்லை. மைசூர்ப் பருப்பு கிலோ தோட்டத்துக் கடையில் 330, சதொசவில் 290. சவர்க்காரமும் உடுப்புத் தூளும் பூட் சிட்டியில் அந்த வாரம் கழிவு (தள்ளுபடி) விலை. முட்டை மட்டும் எங்கள் லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகளிலேயே) கோழி வளர்க்கிற அக்காவிடம்தான் மலிவு. எது எங்கே குறைவோ அங்கே வாங்கினேன். எல்லாவற்றையும் தோட்டத்துக் கடையிலேயே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் காசைவிட 1,640 ரூபாய் குறைவாக முடிந்தது. அது மகளின் டியூஷன் காசு. பத்து வருடமாக இதைச் செய்யாமல் இருந்துவிட்டோமே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை. நீங்களும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

மஸ்கெலியாத் தம்பி:
அக்கா, கோபப்பட வேண்டாம், உங்கள் கணக்கில் பாதிதான் இருக்கிறது. பஸ் காசு எங்கே? மெயின் ரோட்டில் இறங்கி மூட்டையோடு லயத்துக்கு ஏற ஓட்டோ காசு எங்கே? உங்களுக்குக் கொட்டகலையில் இருந்து ஹட்டன் கிட்ட. எங்கள் டிவிசனில் இருந்து மஸ்கெலியா டவுனுக்கு வரவே முக்கால் மணி நேரம், அதற்கு மேல் ஹட்டனுக்கு இன்னொரு பஸ். வேலை நாளில் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தாலே உங்கள் 1,640இல் மிஞ்சுவது என்ன? மத்தியானம் திரும்பி வந்து கொழுந்துக்குப் போனாலும் கிலோ குறைந்து அரைப்பேர்தான் விழும்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்பீர்கள். அன்றைக்குத்தான் விறகு, அன்றைக்குத்தான் உடுப்புத் துவைப்பது, அன்றைக்குத்தான் அம்மாவுக்கு ஒரு நாளாவது இடுப்பைச் சாய்க்கக் கிடைப்பது. நாலு கடை ஏறி இறங்குவது டவுன் ஆட்களுக்குச் சரி. மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்ற தோட்டப் பிரிவுகளில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லி, செய்யாதவர்கள் விவரம் இல்லாதவர்கள் என்பது போல ஆக்கிவிடாதீர்கள்.

லயத்து வீட்டுக்காரி:
தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். பஸ் போக வர 100, ஓட்டோ 400. ஆக மிச்சம் 1,140. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் போனது ஞாயிற்றுக்கிழமை, பேர் போகவில்லை. விவரம் இல்லாதவர்கள் என்று யாரையும் நான் சொல்லவில்லை. நானே பத்து வருடம் எழுதாமல் இருந்தவள்தானே.

சில்லறைக் கடைப் பிள்ளை:
என் அப்பா 22 வருடமாகத் தோட்டத்துக் கடை நடத்துகிறார். பொகவந்தலாவைப் பக்கம். இதைப் படித்ததும் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

பருப்பில் 40 ரூபாய் கூட என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா ஹட்டனில் மொத்தக் கடையில் எடுத்து, லொறிக்கூலி கொடுத்து, மூட்டையை ஆள் வைத்து மேலே ஏற்றி, அதைக் கால் கிலோவாகவும் 100 கிராமாகவும் நிறுத்துக் கொடுக்கிறார். கடையில் கடனுக்கு வாங்குகிறவர்களின் கணக்குக் கொப்பி 41 இருக்கிறது. அதில் ஒன்பது கொப்பிக்காரர் கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள், காசு இனி வராது. அப்படியும் அவர்கள் வீட்டுப் பிள்ளை பால்மா கேட்டு வந்தால் கொடுக்கிறார்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் கிட்டத்தட்ட 195. பால்மாவுக்கு வரிசை. டவுனில் பெரிய கடைகளில் ஆளுக்கு ஒரு பக்கெட் என்று அளந்தார்கள், அதுவும் கையில் காசோடு வந்தவர்களுக்கு. அந்த மாதங்களில் எங்கள் தோட்டம் ரொட்டி தின்றது அப்பா கடனுக்குக் கொடுத்த கோதுமை மாவில். சம்பள நாளில் காசை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இருபதாம் தேதிக்கு மேல் கொப்பியோடு எங்களிடம் வந்தால் கடை எப்படி நிற்கும்? கடை மூடினால் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பனடோல் வாங்க எங்கே போவீர்கள்?

பண்டாரவளை டீச்சர்:
தம்பி, உங்கள் அப்பாவைப் போன்றவர்களால்தான் 2022இல் பல வீட்டில் அடுப்பு எரிந்தது. என் சொந்த அக்கா வீட்டிலும் அப்படித்தான். அதற்கு நன்றி சொல்லிவிட்டே அடுத்ததைச் சொல்கிறேன்.

290 ரூபாய்ப் பருப்பை ஒரு மாதக் கடனுக்கு 330க்கு வாங்கினால், 290க்கு 40 ரூபாய், கிட்டத்தட்ட 14 வீதம். மாதத்துக்கு. கொப்பியில் வட்டி என்று ஒரு வரியும் இருக்காது, விலைக்குள்ளே இருக்கிறது. லொறிக்கூலியும் வராத கடனும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒன்பது பேர் கட்டாமல் போன கடனை ஒழுங்காகக் கட்டுகிற மற்ற 32 வீடும் சேர்ந்து சுமக்கிறது. அப்பாவிடம் இதை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்: கைக்காசுக்கு ஒரு விலை, கொப்பிக்கு ஒரு விலை என்று வைத்தால் என்ன? பத்தாம் தேதி காசோடு வருகிறவர்கள் டவுனுக்கு ஓட மாட்டார்கள்.

மஸ்கெலியாத் தம்பி:
டீச்சர் சொன்ன இரண்டு விலை யோசனை நல்லது. ஆனால் கழிவு விலை பற்றி யாரும் ஒரு விஷயத்தைப் பேசவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் சனி ஞாயிறு மரக்கறிக்கு, மீனுக்கு, கோழிக்கு அவ்வளவு வீதம் கழிவு என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். கீழே சின்ன எழுத்தில் இன்ன வங்கியின் கடனட்டைக்கு மட்டும். எங்கள் தோட்டத்தில் யாரிடம் கடனட்டை இருக்கிறது? ஒரே சாமான், ஒரே வரிசை, முன்னால் நின்றவர் குறைத்துக் கொடுத்தார், அம்மா முழு விலை கொடுத்தார். அம்மாவின் பையில் இருந்ததுதான் குறைவு. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. டவுனில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) தட்டில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் விழுந்தது இன்னொன்று. வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம். 35 ரூபாய்க்காகத் திரும்பி இறங்க முடியுமா?

பண்டாரவளை டீச்சர்:
அட்டை விஷயத்தில் உங்களோடு நூறு வீதம் நிற்கிறேன். அதனால்தான் அட்டை தேவைப்படாத கழிவை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன்.

பில்லைக் கடை வாசலிலேயே நின்று பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. உச்சபட்ச சில்லறை விலை அச்சடித்த பொருளை அதற்கு மேல் விற்பது குற்றம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அரிசிக்கும் இது பொருந்தும். 2024 டிசம்பரில் உள்ளூர் நாட்டரிசிக்கு 230, சம்பாவுக்கு 240, கீரி சம்பாவுக்கு 260 என்று வர்த்தமானியில் விலை போட்டார்கள். அரிசி வாங்கும்போது கட்டுப்பாட்டு விலை என்ன என்று தெரிந்துகொண்டு போனால், தோட்டத்துக் கடையோ டவுன் கடையோ, யாரிடமும் ஏமாற வேண்டியதில்லை.

நானுஓயாக்காரர்:
மரக்கறியை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். நான் அரை ஏக்கரில் கரட்டும் லீக்ஸும் போடுகிறேன்.

நாங்கள் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டுகிற கரட்டில் பெரும்பகுதி ராத்திரி லொறியில் தம்புள்ளைக்கோ கொழும்புக்கோ இறங்குகிறது. அங்கே கை மாறி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி ஏறி, சில சமயம் அதே கரட் மலைநாட்டுக் கடைக்கே வாடித் திரும்பி வருகிறது. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருந்துகொண்டு அதை வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மரக்கறித் தோட்டம் போடுகிறவரிடம் நேரே கேளுங்கள். உடைந்த கரட், முறுக்கின கரட் லொறியில் ஏறாது. ருசி அதேதான். பக்கத்து லயங்களுக்கு நான் அதைப் பாதி விலைக்குக் கொடுக்கிறேன்.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். சூப்பர்மார்க்கெட்டில் மரக்கறி சில நாள் சந்தையைவிடக் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பூட் சிட்டி நடத்துகிற கார்கில்ஸ் 1999இல் ஹங்குரன்கெத்தவில் சேகரிப்பு நிலையம் திறந்து விவசாயியிடம் நேரே வாங்கத் தொடங்கியது. நடுக்கைகள் குறைந்தால் விலையும் குறையும். ஆனால் அவர்கள் தரம் பார்த்து எடுப்பார்கள். கழித்ததை நாங்கள் சந்தைக்குக் கொண்டுபோவோம். அதனால் ஞாயிற்றுச் சந்தையில் பின்னேரம் நாலு மணிக்கு மேல் போனால், மூட்டையைத் திரும்பத் தூக்க மனமில்லாமல் கேட்ட விலைக்குக் கொடுப்பார்கள். கோவா (முட்டைக்கோஸ்), பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் அந்த நேரத்தில்தான் வாங்க வேண்டும்.

தேங்காய் மட்டும் வேறு. நம் குளிரில் அது காய்க்காது. குருநாகல், புத்தளம் பக்கம் இருந்து ஏறி வர வேண்டும். அதில் எந்தக் கடைக்குப் போனாலும் பெரிய வித்தியாசம் இராது, காயின் அளவைப் பார்த்து எடுங்கள்.

லயத்து வீட்டுக்காரி:
தேங்காயெண்ணெய் பற்றி நான் பிடித்த ஒன்று. தோட்டத்துக் கடையில் ஒரு போத்தல் எண்ணெய் என்றால் அது 750 மில்லி. 690 ரூபாய். பூட் சிட்டியில் லீட்டர் 880. தட்டைப் பார்த்ததும், அடேயப்பா, இங்கே 190 ரூபாய் கூடவா என்று திரும்பப் பார்த்தேன். பிறகு கொப்பியில் பெருக்கிப் பார்த்தால் 690க்கு 750 மில்லி என்றால் லீட்டருக்கு 920. கூடத் தெரிந்ததுதான் குறைவு. இத்தனை வருடம் போத்தலையும் லீட்டரையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். மகள்தான் கிலோவுக்கு எவ்வளவு, லீட்டருக்கு எவ்வளவு என்று ஒரு வரிசை தனியாக இழுத்துத் தந்தாள். அவளுக்கு ஒன்பதாம் வகுப்பு.

பெரிய பக்கெட் என்றாலே மலிவு என்றும் இல்லை. உடுப்புத் தூள் ஒரு கிலோவைவிட, கழிவு போட்ட 400 கிராம் பக்கெட் இரண்டரை கணக்குப் பார்த்தால் குறைவாக வந்தது.

சில்லறைக் கடைப் பிள்ளை:
அக்கா, போத்தல் அளவு ஏமாற்று இல்லை, ஊரே பழகின அளவு. அப்பா கேட்டால் சொல்வார். ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைக்கலாம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சர் சொன்னதை நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். முதலில் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து, கைக்காசு விலை என்று எழுதினால் கொப்பிக்காரர்கள் மனம் நோகாதா, இத்தனை நாள் நம்மிடம் கூட வாங்கினாரா என்று கேட்க மாட்டார்களா என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாவுக்கும் சீனிக்கும் பருப்புக்கும் மட்டும் வருகிற பத்தாம் தேதி செய்து பார்க்கிறேன் என்றார்.

மஸ்கெலியாத் தம்பி:
கடைக்கார ஐயா மனது பெரியது. நான் இன்னும் டவுனுக்கு அலைவதற்கு எதிர்தான். ஆனால் எங்கள் லயத்தில் மூன்று வீடு சேர்ந்து ஒருவரை மட்டும் அனுப்பினால் என்ன என்று பேசினோம். ஓட்டோ காசு மூன்றாகப் பிரியும். 25 கிலோ கோதுமை மா மூட்டையைப் பிரித்துக்கொள்ளலாம். பெரியம்மா மட்டும் வேண்டாம் என்கிறார். ஜூன், ஜூலை மழையில் லயத்துச் சுவர் ஈரம், மா கட்டியாகி வண்டு விழும் என்கிறார். அனுபவம் உள்ளவர் சொல்கிறார், தள்ள முடியவில்லை. யாராவது மாவை மழைக்காலத்தில் ஒரு மாதம் வைத்திருக்கிறீர்களா?

நானுஓயாக்காரர்:
நாங்கள் வைக்கிறோம். மூட்டையைத் தரையில் வைக்கவே கூடாது. நல்ல வெயில் நாளில் வாளியைக் கழுவி முழுக்கக் காயவைத்து, இறுக மூடுகிற மூடி போட்டு, இரண்டு பலகை வைத்து அடுப்பங்கரைப் பக்கம் ஏற்றி வையுங்கள். ஈரக் கையோடு அள்ளக் கூடாது, உலர்ந்த கோப்பை ஒன்றை உள்ளேயே போட்டு விடுங்கள். ஒரு மாதத்துக்குத் தாங்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

லயத்து வீட்டுக்காரி:
தம்பி, அனுப்புகிறவரிடம் பணத்தோடு விலை எழுதின கொப்பியையும் கொடுத்து விடுங்கள், பில்லை ஒட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மூன்று வீடு என்றால் ஒரு ரூபாய் தவறினாலும் மனஸ்தாபம் வரும். இந்தப் பத்தாம் தேதி எங்கள் பக்கத்து இரண்டு வீடும் என்னோடு சேர்கிறார்கள். பருப்பும் எண்ணெயும் டவுனில். மாவும் சீனியும் எங்கள் கடைக்காரரிடம் கைக்காசு விலை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான்.