புதுப்பிப்பு: முதல் பதிப்பு வாங்கியவர்களுக்கு அப்கிரேட் விலை குறைந்தது

கல்லடியில் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஆல்பம் வடிவமைக்கும் மென்பொருளை வெளிவந்த புதிதிலேயே முழு விலைக்கு வாங்கினோம். இரண்டாம் பதிப்புக்குப் புதியவரிடமும் எங்களிடமும் ஒரே விலை கேட்கிறார்களே, நியாயமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "ரசீதை இணைத்து சப்போர்ட்டுக்கு நேரே எழுதுங்கள்" என்ற யோசனைதான். பாதி விலைக் கூப்பன் அனுப்பினார்கள். தளத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதிய பதிப்புக்குக் காசு கேட்பது சரி, உழைத்தவர்களுக்குக் கூலி வேண்டும். ஆனால் முதலில் நம்பி வாங்கியவருக்கு உரிய விலையை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போட வேண்டும். கேட்டவருக்கு மட்டும் கொடுப்பது முறையல்ல.

டாலர் கட்டணம் முதலில் போகவில்லை. வங்கியில் சொல்லி அட்டைக்கு வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்த பிறகுதான் போனது.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: புதியதில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. கையில் பாதி முடிந்த கல்யாண ஆல்பம் இருந்தால் முதலில் நகல் எடுங்கள். பழையதை அழிக்கவும் வேண்டாம். அதன் லைசன்ஸ் இன்னும் வேலை செய்கிறது.