வாரச்சந்தை வாசலில் கை கழுவும் குழாய்: ஜனம் நனைத்துவிட்டுப் போகிறது, என்ன மாற்றலாம்?

சந்தைமேடு (ஜூலை 2021)

கொரோனா ஊரடங்கு முடிந்து எங்கள் ஊர் வாரச்சந்தை மறுபடி திறந்தாயிற்று. வியாபாரிகள் சங்கம் சார்பில் வாசலில் 3 அடி மேடை கட்டி 500 லிட்டர் டேங்க் வைத்து, இரண்டு திருகு குழாயும் ஒரு சோப்பு டப்பாவும் போட்டிருக்கிறோம். காலை 6 முதல் 8 வரைதான் கூட்டம், ஏறக்குறைய 400 பேர்.

சிக்கல்கள்:

முக்கால்வாசிப் பேர் வலது கை விரல்நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். கழுவிய கையால் குழாயை மறுபடி தொடக் கூசிக்கொண்டு சிலர் திறந்தே விட்டுவிட, 7 மணிக்கெல்லாம் டேங்க் காலி. போர் தண்ணீர் என்பதால் சோப்பு நுரைப்பதே இல்லை. கட்டி சோப்பு வைத்தால் காணாமல் போகிறது. லிக்விட் வைத்தால் இரண்டாம் வாரமே ஒரு வாடை.

கமிட்டியில் ஒருவர் டேங்கிலேயே பிளீச்சிங் பவுடர் கலந்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் குழாயே வேண்டாம், சானிடைசர் அடித்துவிட ஒரு ஆள் போடலாம் என்கிறார். நடந்து போகிறவர்மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வாடகைக்குக் கிடைக்கிறது என்று ஒரு ஏஜென்ட் வேறு வந்து போனார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அரைஇஞ்சு

அண்ணே, முதல்ல அந்தத் திருகு குழாய் ரெண்டையும் கழட்டுங்க. அழுக்குக் கையால திறந்து, கழுவுன கையால மூடணும்னா எவன் மூடுவான்? கூச்சப்படுறது நியாயம்தான். கால்வாசித் திருப்பில் திறக்குற நீளக் கைப்பிடி குழாய் கடையில் கிடைக்கும், ஆஸ்பத்திரியில முழங்கையால தட்டுவாங்களே, அது. காசு கம்மின்னா அரை இஞ்ச் பால் வால்வு (ball valve) வாங்கி, கைப்பிடியில ஒரு சாண் நீளத்துக்குப் பட்டைக் கம்பி ஒண்ணு போல்ட் போட்டு நீட்டிக்கலாம். முழங்கையால தட்டினா திறக்கும், தட்டினா மூடும்.

அமுக்கினா தானா மூடுற புஷ் குழாய் யாராவது சொல்வாங்க, வாங்கிடாதீங்க. அது மேல்மாடி டேங்க் அழுத்தத்துக்குச் செஞ்சது. உங்க 3 அடி உயரத்துக்கு ஒண்ணு சொட்டும், இல்ல சிக்கிக்கிட்டு மூடாது. கால் பெடல் நல்ல ஏற்பாடுதான், ஆனா சந்தைச் சேத்துல ஸ்பிரிங் ரெண்டு மழைக்குத் தாங்காது. வாராவாரம் எண்ணெய் விட ஆள் இருந்தா மட்டும் போடுங்க.

தண்ணிக் கணக்கு: முழுசாத் திறந்த அரை இஞ்ச் குழாயில நிமிஷத்துக்கு 6 லிட்டருக்குக் குறையாது. ஒருத்தர் 40 விநாடி திறந்து வச்சா 4 லிட்டர். அப்ப 500 லிட்டர் 125 பேருக்குத்தான். தேய்க்கும்போது மூடிட்டா, நனைக்க 3 விநாடி, அலச 7 விநாடி, மொத்தம் 1 லிட்டர். அதே டேங்க்ல உங்க 400 பேரும் முடிஞ்சு மிச்சம் இருக்கும். டேங்குக்கும் குழாய்க்கும் நடுவுல ஒரு கேட் வால்வு போட்டு ஓட்டத்தைப் பாதியாக் குறைச்சும் வைங்க.

ரெண்டு குழாய் பத்தாது. நனைச்சு, தேய்ச்சு, அலசி ஒருத்தர் நகர 45 விநாடி. மணிக்கு ஒரு குழாய்க்கு 80 பேர். ரெண்டு குழாய் ரெண்டு மணி நேரத்துல 320 பேரோட நிக்குது, அதுவும் எல்லாரும் சீரா வந்தா. வரிசை நீண்டா ஜனம் கழுவாமத்தான் போகும். நாலு குழாய், ஒண்ணுக்கொண்ணு இரண்டரை அடி இடைவெளி.

உயரம் தரையிலிருந்து 90 செ.மீ. அதுக்குக் கீழ வச்சீங்கன்னா கால் கழுவுவாங்க, கீரைக்கட்டை நனைப்பாங்க. குழாய் மூக்கு சுவரிலிருந்து ஒரு சாணாவது வெளிய நிக்கணும், இல்லேன்னா கை சுவத்துல இடிக்கும், ஒரு கையை மட்டும்தான் நீட்ட முடியும். வலது கையை மட்டும் நனைச்சுட்டுப் போறாங்கன்னு சொன்னீங்களே, பாதிக் காரணம் அங்கதான் இருக்கும்னு நினைக்கிறேன். குடிதண்ணிக் குழாயைக் கண்ணுல படுற மாதிரி தனியா வைங்க. வைக்கலேன்னா பாட்டில் பிடிக்கிறவங்க இங்க வந்து நிப்பாங்க.

---

வார்டுஅக்கா

வலது கை விஷயத்தில் அரைஇஞ்சு சொன்னது பாதி. மீதி, சாப்பாட்டுப் பழக்கம். நமக்குக் கை கழுவுவது என்றால் சாப்பிடும் கையைக் கழுவுவது. அதிலும் சாப்பிட்ட பிறகு கழுவுவதில் இருக்கும் கவனம் சாப்பிடும் முன் இருப்பதில்லை. 2018 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் மலம் கழித்தபின் சோப்பால் கழுவும் வீடுகள் 74 சதவீதம். சாப்பிடும் முன் சோப்பு போடுகிறவர்கள் சுமார் 36 சதவீதம்தான். சந்தையில் பையையும் போனையும் பிடித்திருப்பது இடது கை. மாஸ்க்கை இழுத்துவிடுவதும் பெரும்பாலும் அதுதான்.

பலகையில் "கைகளைச் சுத்தமாகக் கழுவவும்" என்று எழுதிப் பயனில்லை. செய்ய வேண்டியதை எழுதுங்கள்: நனை, குழாயை மூடு, சோப்பு, இரு கையும் தேய், அலசு, உதறு. தேய்ப்பது மட்டும் 20 விநாடி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 40 முதல் 60 விநாடி என்பது நனைப்பதிலிருந்து துடைப்பது வரை மொத்தத்துக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 20 விநாடி தண்ணீரில் காட்டிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் அதேதான்: கட்டைவிரல், விரல்நுனி, விரலிடுக்கு, புறங்கை. 1978-ல் செவிலியர்களைச் சாயத்தில் கை கழுவச் சொல்லிப் பார்த்த ஆய்விலேயே கட்டைவிரலும் விரல்நுனியும்தான் சாயம் படாமல் நின்றன. பயிற்சி உள்ளவர்கள் கதியே அது. ஆறு படி, ஏழு படி படமெல்லாம் சந்தைக்கு வேண்டாம். மூன்று போதும்: கட்டைவிரலை மறு கையால் பிடித்து முறுக்கு, விரல்நுனிகளை மறு உள்ளங்கையில் சுரண்டு, விரல்களைக் கோத்துத் தேய். இதைச் செய்தால் உள்ளங்கை தானாகவே தேய்ந்துவிடும்.

ஈரக் கை உலர்ந்த கையைவிட எளிதாகக் கிருமியை ஒட்டவைத்துக் கொள்ளும், கொடுக்கவும் செய்யும். கழுவிவிட்டு வேட்டியிலும் முந்தானையிலும் துடைத்தால், காலையிலிருந்து அந்தத் துணியில் பட்டதெல்லாம் திரும்பக் கைக்கு வரும். பொதுத் துண்டு தொங்கவிடவே கூடாது. நன்றாக உதறி, காற்றில் காயவிடுவது போதும். நம் ஊர் வெயிலில் ஒரு நிமிடம் ஆகாது.

இன்னொன்று, இது கமிட்டிக்குப் பிடிக்காமல் போகலாம். வாசலில் கழுவ வைப்பதால் வரும் பலன் குறைவு. உள்ளே போனதும் காய் பொறுக்கி, சில்லறை வாங்கி, அதே கையோடு வடை தின்கிறார்கள். நாலு குழாயில் இரண்டை டீக்கடைப் பக்கமும், ஒன்றைக் கழிப்பறை வெளிவாசலிலும் வையுங்கள். வாசலில் ஒன்று போதும், அதையும் வெளியேறும் பக்கம்.

---

பிப்பெட்

வேதியியல் சமாசாரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கட்டி சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசிறாகிவிடும். சோப்பின் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடுவதால் நுரை வராது. சோதிக்க, ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர், கொஞ்சம் சோப்புச் சீவல், மூடிக் குலுக்குங்கள். நுரைக்குப் பதில் தயிர்த்துளி மாதிரி மிதந்தால் கடினநீர்தான். துணி சோப்புத்தூளில் இருப்பது வேறு வகைப் பொருள், கடினநீரிலும் வேலை செய்யும். வங்கதேசத்தில் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிறுவனம் பயன்படுத்திய அளவு: ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூள். மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, பாட்டிலைக் குழாயோடு கம்பியில் கட்டிவிடுங்கள். ஒருவருக்கு ஒரு பீச்சு, 4 அல்லது 5 மி.லி. ஒரு பாட்டில் சுமார் 300 பேருக்கு வரும். இதை யாரும் திருடுவதில்லை. ஒரு குறை உண்டு: நாளெல்லாம் பலமுறை கழுவும் வியாபாரிகளுக்குத் தோல் வறளும். அவர்கள் கடை கட்டியதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும்.

லிக்விடில் வாடை வருவதற்குக் காரணம், தண்ணீர் ஊற்றிப் பெருக்குவதும், தீரும் முன்பே மேலே மேலே நிரப்புவதும். கெடாமலிருக்கக் கலந்திருக்கும் பொருள் நீர்த்துப்போய், சோப்புக்குள்ளேயே பாக்டீரியா வளர்கிறது. டப்பா முழுதும் காலியானபின் கழுவிக் காயவைத்து நிரப்புங்கள். சோப்புத்தூள் கரைசலுக்கும் இதே விதி. அன்றன்றைக்குக் கலந்து மிச்சத்தைக் கொட்டிவிடுவது உத்தமம், 30 கிராம்தானே.

கொரோனா வைரஸின் வெளியுறை கொழுப்பாலானது. சோப்பு அதைப் பிய்த்துவிடும். ஆகவே கிருமிநாசினி சோப்பு என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

டேங்கில் பிளீச்சிங் பவுடர் கலக்காதீர்கள். புதுப் பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும், மூட்டை பிரித்து ஒரு மாதம் கிடந்தால் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. எபோலா சமயத்தில் சோப்பு கிடைக்காத இடங்களில் கைக்கு 0.05 சதவீதக் கரைசல் கொடுத்தார்கள். கைப்பிடி கணக்கில் போடுபவர் அந்த அளவில் நிறுத்தமாட்டார். தோல் வெடிக்கும், வெடித்த தோலைக் கழுவ யாருக்கும் மனம் வராது. பிளீச்சிங் கழிப்பறைத் தரைக்கு இருக்கட்டும், அதையும் ஆசிட் ஊற்றிய இடத்தில் கொட்ட வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும்.

சுரங்க ஏஜென்டைத் திருப்பி அனுப்புங்கள். 2020 ஏப்ரலில் திருப்பூர் சந்தையில் அமைத்ததைப் பார்த்துப் பல ஊர்களில் முளைத்தன. அதே மாதம் மத்திய சுகாதாரத் துறை, ஆட்கள்மீது கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்திவிட்டது. கண்ணும் தொண்டையும் எரிவதுதான் மிச்சம். உடம்புக்குள் இருக்கும் வைரஸைச் சட்டைமேல் தெளிப்பது ஒன்றும் செய்யாது.

சானிடைசர் மண்ணும் ஈரமும் எண்ணெயும் படிந்த கையில் சரியாக வேலை செய்யாது. காய்ச்சந்தையில் எந்தக் கை அப்படி இல்லை? உலர்ந்த கையில் உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 விநாடி, காயும்வரை தேய்க்க வேண்டும். வாசலில் நிற்பவர் தூரத்திலிருந்து புஸ்ஸென்று அடிப்பதில் உள்ளங்கை நடு மட்டும்தான் நனைகிறது. அளவு கூட்டத் தண்ணீர் கலக்கும் பழக்கமும் உண்டு: 75 சதவீத ஆல்கஹால் உள்ள சரக்கு 500 மி.லி.யில் 150 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 58-க்கு இறங்கிவிடும், 60-க்குக் கீழே பலன் நம்பத்தக்கதல்ல. பில் போடுகிற மேஜைக்கு வேண்டுமானால் ஒரு பாட்டில் வையுங்கள், லேபிளில் எத்தனாலா ஐசோபுரொப்பைலா என்று எழுதியிருப்பதைப் பார்த்து. மெத்தனால் கலந்தது விஷம். டீக்கடை அடுப்புக்கும் சூடம் ஏற்றும் இடத்துக்கும் அருகில் வேண்டாம்.

---

சும்மாஒருகேள்வி

இதெல்லாம் சரி. மேற்பரப்பைத் தொட்டுக் கொரோனா தொற்றும் வாய்ப்பு ஒரு தொடலுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே இந்த ஏப்ரலில் சொல்லிவிட்டது. நாலு குழாய்க்குச் செலவு செய்வதைவிட மாஸ்க் வாங்கிக் கொடுக்கலாமே?

---

வார்டுஅக்கா

கொரோனா ஒன்றை மட்டும் கணக்கில் வைத்தால் நீங்கள் சொல்வது சரி. மாஸ்க்கும், கடைகளுக்கு நடுவே இடைவெளியும்தான் முதல் செலவு. ஆனால் சோப்பால் கழுவுவது வயிற்றுப்போக்கை 23 முதல் 40 சதவீதம், சளி மாதிரியான சுவாச நோய்களை 16 முதல் 21 சதவீதம் குறைக்கிறது என்பதும் அதே மையத்தின் கணக்கு. வடை தின்னும் கையில் காய்ச்சந்தையின் மண் இருக்கிறது. குழாய் கொரோனாவுக்குப் பிறகும் நிற்கும்.

---

சந்தைமேடு

நன்றி. முழங்கை வால்வும் சோப்புத்தூள் பாட்டிலும் கமிட்டியில் சொல்லிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். டீக்கடைப் பக்கம் வைத்தால் ஜனம் குழாயைத் தேடி வருமா, ஆள் நிறுத்த வேண்டுமா? கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது?

---

வார்டுஅக்கா

ஆள் நிறுத்தினால் அவர் டீ குடிக்கப் போகும்வரைதான் கழுவுவார்கள். வங்கதேசத்துப் பள்ளிகள் இரண்டில் கழிப்பறையிலிருந்து குழாய் வரை கல்பாதை போட்டு, அதில் பாத அடிகளும், குழாயடியில் கைத்தடங்களும் வரைந்தார்கள். யாரும் பாடம் நடத்தவில்லை. சோப்பால் கழுவிய பிள்ளைகள் 4 சதவீதத்திலிருந்து மறுநாளே 68-க்கு வந்தார்கள், ஆறு வாரம் கழித்து 74. பெரியவர்களிடம் அதே அளவு வரும் என்று சொல்லமாட்டேன். பெயின்ட் ஒரு டப்பா, செய்து பாருங்கள். வடைத்தட்டு வாங்கும் இடத்துக்கு முன்னால் குழாய் வரட்டும், பின்னால் வைத்தால் தட்டோடு திரும்பமாட்டார்கள்.

---

அரைஇஞ்சு

கழிவுக்கு 2 இஞ்ச் குழாய் போடுங்க, ஒன்றேகால் இஞ்ச் கீரைத்தண்டுல அடைச்சுக்கும். குழாய் வாயில கழட்டிக் கழுவுற மாதிரி சல்லடை ஒண்ணு, வெத்தலை எச்சில் துப்புவாங்க, தயாரா இருங்க. சந்தைநாளுக்கு 400 லிட்டர்தான், அதனால 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம் குழி வெட்டி, கீழ பெரிய கல்லு, மேல ஜல்லி, அதுக்கு மேல மூடி. களிமண் பூமின்னா உறிஞ்சாது, அப்ப வாய்க்கால் வெட்டிக் கல்வாழைக்கு விட்டுடுங்க. எங்கயும் தேங்கக் கூடாது. டேங்க் மூடி பொருந்தலேன்னா கொசுவலைத் துணி போட்டு டியூப் ரப்பரால கட்டுங்க, அடுத்த சந்தைவரைக்கும் ஏழு நாள் நிக்கிற தண்ணி டெங்கு கொசுவுக்குத் தாராளம். சந்தை முடிஞ்சதும் வாஷ்-அவுட் வால்வைத் திறந்து டேங்க்கை வடிச்சுடுங்க.