மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த மாணவர்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் நடத்தி வருகிறேன். முதல் அரியர் (தேர்ச்சி பெறாமல் நிலுவையில் நிற்கும் தாள்) பெரும்பாலும் என் பாடத்தில்தான் விழுகிறது என்பதால், படிப்பை விட நினைப்பவர்களில் பலர் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள்.

தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்து, கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்ற பிறகு, பணம் கட்ட முடியாமல் நின்றுபோவது என் வகுப்புகளில் கண்கூடாகக் குறைந்தது. ஆனாலும் அந்த ஒதுக்கீட்டில் இயந்திரவியல் சேர்ந்த ஒரு மாணவர், இரண்டாம் பருவம் தொடங்கியதும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். முதல் பருவத்தில் நான்கு அரியர். "எனக்குப் படிப்பு ஏறல சார், மாமாகூட வேலைக்குப் போறேன்" என்றார்.

அன்று மாலை அவருடைய அகமதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்து, அதைக் கொண்டே அணியின் (மேட்ரிக்ஸின்) நேர்மாறைக் காணச் சொன்ன கணக்கு அது. சரிபார்த்தலைப் பிழையின்றி முடித்தவர், நேர்மாறை மட்டும் பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் படித்த சேர்ப்பு அணி முறையில் கண்டிருந்தார். விடை சரி. ஆங்கில வினாவில் 'அதைக் கொண்டே' என்ற பொருளில் இருந்த 'ஹென்ஸ்' என்ற ஒரு சொல் அவருக்குப் புரியவில்லை. முறை தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான்தான். மறுநாள் ஒரு மணி நேரம் பேசியும் அவர் மனம் மாறவில்லை. விலகல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழல்' என்று எழுதினார். ஏறக்குறைய எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். அந்தப் படிவங்களை நம்பிப் போடப்படும் எந்தக் கணக்கையும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ஆண்டு ஐந்து அரியர் வைத்திருந்த ஒரு மாணவி விலகவில்லை. விடுதியில் அவருடைய மாவட்டத்தைச் சேர்ந்த மூன்றாமாண்டு மாணவி ஒருவர், இரவு உணவுக்குப் பின் தினமும் அவரை உட்கார வைத்து, தமிழில் விளக்கிப் படிக்க வைத்திருக்கிறார். "வகுப்புக்குப் போகலன்னா அக்கா திட்டுவாங்க சார், அதனாலதான் வந்தேன்" என்றார் அவர். நான்காம் பருவத்துக்குள் ஐந்தையும் முடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் முதல் வாரத்தில் பாடம் தொடங்குமுன், வெரிஃபை, டிடியூஸ், ஹென்ஸ் போன்ற வினாச் சொற்களைக் கரும்பலகையில் தமிழ் விளக்கத்துடன் எழுதிப் போடுகிறேன். முதலாமாண்டு மாணவர்களுக்குச் சொந்த மாவட்டத்து மூத்த மாணவர் ஒருவரையாவது அருகறையில் தங்க வைக்குமாறு விடுதிக் காப்பாளரிடம் ஒவ்வோர் ஆண்டும் கேட்டு வருகிறேன்.