கள்ளி நாற்றுகளை எப்போதிலிருந்து வறட்சிக்கு விடலாம்?

விதைத்தட்டு:

வணக்கம். விதையிலிருந்து வளர்த்த சில வகைக் கள்ளி நாற்றுகள் என்னிடம் இருக்கின்றன. ஓராண்டு இன்னும் நிறையவில்லை. பெரியவை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறுக்களவும், சிறியவை அதில் பாதியும் இருக்கும். வளர்ந்த கள்ளி பல மாதங்கள் நீரின்றி இருக்கும் என்பதை அறிவேன். நாற்றுகளைப் பற்றிய அறிவுரைகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சிறு வயதிலேயே நீரைக் குறைத்துப் பழக்கினால்தான் பின்னாளில் வறட்சியைத் தாங்கும் என்கிறார்கள் சிலர். முதல் ஆண்டு முழுவதும் மண் காயவே கூடாது என்கிறார்கள் வேறு சிலர். பாலைநிலத்தில் முளைக்கும் நாற்றுக்கு யாரும் நீர் ஊற்றுவதில்லை அல்லவா? அது எப்படிப் பிழைக்கிறது என்பது விளங்கினால், தொட்டியில் செய்ய வேண்டியதும் விளங்கும் என்று எண்ணுகிறேன்.

பாறைமுள்:

அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பிழைப்பதில்லை என்பதே இதற்கு நேரான விடை. வட அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ கள்ளி தன் வாழ்நாளில் கோடிக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது. அவற்றுள் முழு வளர்ச்சி காண்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 12 மீட்டருக்கும் மேல் உயரக்கூடிய அந்தக் கள்ளி, முதல் எட்டு ஆண்டுகளில் 2.5 முதல் 4 சென்டிமீட்டர் வரைதான் வளர்கிறது. அதன் வாழ்வில் மிகவும் ஆபத்தான காலம் அதுதான்.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. உருண்டை வடிவக் கள்ளி நீரைச் சேமிப்பது அதன் கன அளவில், இழப்பது அதன் மேற்பரப்பில். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நாற்றோடு 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள செடியை ஒப்பிட்டால், மேற்பரப்பு 400 மடங்கு, கன அளவோ 8000 மடங்கு. அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் தோலுக்கும் பின்னால் பெரிய செடியில் 20 மடங்கு நீர் இருக்கிறது. இரண்டின் தோலும் ஒரே வேகத்தில் நீரை இழப்பதாகக் கொண்டால், பெரிய செடிக்கு ஆறு மாதம் போதுமான சேமிப்பு நாற்றுக்கு ஒன்பது நாட்களில் தீர்ந்துவிடும். உண்மையில் இளம் நாற்றின் தோலும் அதன் மேலுள்ள மெழுகுப் படலமும் மெல்லியவை. ஆகவே அந்த ஒன்பது நாள்கூட அதற்குக் கிடைப்பது அரிது. ஆய்வாளர்கள் பார்க் நோபலும் ஜோர்டனும் ஃபெரோகாக்டஸ் என்ற பீப்பாய் வடிவக் கள்ளியின் நாற்றுகளைப் பற்றி 1981இல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையும் இதுவே: முளைத்த பின் எவ்வளவு காலம் ஈரம் நீடிக்கிறதோ அவ்வளவு நாற்று பருக்கிறது, எவ்வளவு பருத்திருக்கிறதோ அவ்வளவு நீண்ட வறட்சியை அது கடக்கிறது. ஆகவே நல்ல மழை நீடித்த ஆண்டுகளில் மட்டுமே புதிய தலைமுறை நிலைபெறுகிறது.

பிழைக்கும் நாற்றுகளுக்கும் பெரும்பாலும் துணை உண்டு. சகுவாரோ நாற்றுகள் பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில்தான் மிகுதியாகக் காணப்படுகின்றன. அங்கே மண்ணின் சூடு குறைவு, ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்கும், குளிர்கால உறைபனியும் நேராகத் தாக்காது.

ஆகவே நீரைக் குறைத்துப் பழக்குவது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. நாற்றுக்கு வேண்டியது பருமன். பட்டினி போட்டால் அது பருக்காது.

வேர்நோக்கி:

பருமனைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை முழுமையாக ஏற்கிறேன்; ஆனால் நாற்று வறட்சிக்கு ஏற்ப மாறுவதே இல்லை என்று அதிலிருந்து முடிவு செய்துவிட வேண்டாம். சொனோரன் பாலைவனக் கள்ளிகள் சிலவற்றின் விதைகள் ஒருமுறை நனைந்து, முளைக்காமலே காய்ந்து, மீண்டும் நனைந்தால் முன்னிலும் விரைவாக முளைக்கின்றன. அப்பகுதியின் சில இனங்களில், முளைத்த சில நாட்களிலேயே முதல் வேரின் நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ள, பக்கவேர்கள் உடனே கிளைக்கத் தொடங்குகின்றன. ஆழத்தில் நீரைத் தேடிப் போவதைவிட, சிறு மழை நனைக்கும் மேல்மண்ணை விரைவாகப் பற்றிக்கொள்வதே அங்கே பயன் தருகிறது.

மூச்சு விடும் முறையிலும் மாற்றம் உண்டு. வளர்ந்த கள்ளி இரவில் தன் தோலிலுள்ள நுண்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்துகிறது. சப்பாத்திக்கள்ளி இனங்கள் சிலவற்றின் இளம் நாற்றுகளோ முதலில் பெரும்பாலும் பகலிலேயே மூச்சு விடுகின்றன. வளர வளர இரவு முறைக்கு மாறுகின்றன, நீர் குறைந்தால் அம்மாற்றம் மேலும் வலுக்கிறது. எனவே மேல்மண் இரண்டொரு நாள் காய்வதும் மீண்டும் நனைவதுமாக வளர்ந்த நாற்றுக்கும், மூடிய பெட்டியின் ஈரக்காற்றை விட்டு வெளியே வராத நாற்றுக்கும் வேறுபாடு இருக்கவே செய்யும். அதைப் பட்டினி என்று நான் சொல்ல மாட்டேன்.

விதைத்தட்டு:

இருவருக்கும் நன்றி. பெட்டியின் மூடியை அண்மையில்தான் எடுத்தேன். அதன்பின் சில நாற்றுகள் செந்நிறமாகியுள்ளன. ஒன்றிரண்டின் உச்சி சற்று உள்வாங்கியிருக்கிறது. இது நீர்க்குறைவா, வெயிலா, அழுகலா என்று எப்படிப் பிரித்தறிவது?

பாறைமுள்:

அடித்தண்டைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய பகுதி பழுப்பாகவோ கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதாகவோ மாறி, தொட்டால் குழைந்தால் அது அழுகல். அந்த நாற்றை உடனே அகற்றி, தட்டில் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். அடி உறுதியாக இருந்து, உடல் மட்டும் சுருங்கி உச்சி உள்வாங்கியிருந்தால் நீர்க்குறைவு. ஒளி படும் பக்கம் மட்டும் சிவந்திருந்தால் வெயில் மிகுதி. மெல்லிய துணியால் நிழல் கொடுத்தால் சில வாரங்களில் பச்சை திரும்பும்.

நீர் விடும் இடைவெளியை வயதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். அரை சென்டிமீட்டர் நாற்றுகளுக்கு மேல்மண் காய்ந்த உடனேயும், ஒரு சென்டிமீட்டரை எட்டியவற்றுக்குத் தொட்டி மண்ணின் பாதி காய்ந்த பின்னும் விடலாம். ஒரே தட்டில் இரண்டும் இருந்தால் சிறியவற்றின் தேவையையே பின்பற்றி, நீர் தேங்காதபடி பருமணல் மிகுந்த கலவையால் பெரியவற்றைக் காப்பாற்றுங்கள்.

வேர்நோக்கி:

இன்னொன்று. சுருங்கிய நாற்றைக் கண்டதும் தட்டை நீரில் ஊற வைத்துவிட வேண்டாம். வறட்சியில் மெல்லிய வேர்கள் உதிர்ந்திருக்கும். உறிஞ்ச வேரில்லாத இடத்தில் நிற்கும் ஈரம் பூஞ்சைக்கே பயன்படும். முதலில் மாலையில் மேல்மண் நனையும் அளவுக்குத் தெளியுங்கள். ஈரம் பட்டதும் புதிய வேர்கள் விரைவாகவே கிளம்பும். உச்சி மீண்டும் நிமிர்ந்து நிரம்பத் தொடங்கிய பிறகு வழக்கமான அளவு நீரை விடலாம்.