ஸ்டெம் செல் லேப்ல வேலை பார்க்கிறவங்களோட நேர்ல பழகியிருக்கீங்களா? மறக்க முடியாத ஒண்ணைச் சொல்லுங்க

பள்ளத்தூர்க்காரி:
மூணு மாசமா மனசுல கிடந்து உறுத்துது, அதான் எழுதுறேன். சின்னம்மா மக பெங்களூர்ல ஒரு ஸ்டெம் செல் லேப்ல பி.எச்டி. பண்றா. பிள்ளையார் நோன்புக்கு வந்தவ, நோன்புச் சடங்கா இழை எடுத்துக்கிட்ட கையோட ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பி நிக்கிறா. "செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும், நாளைக்கு என் முறை"ன்னா. வீட்டுல ஆளாளுக்குத் திட்டினோம். அதை விடுங்க.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, உட்கார்ந்து ஆயாவுக்கு செல்போன்ல ஒரு வீடியோ காட்டிக்கிட்டிருந்தா. தட்டுல வளர்த்த இதயச் செல்லாம். வெளிறின ஒரு சின்னத் திட்டு. சுருங்குது, விரியுது, சுருங்குது, விரியுது. யாரும் தொடல, தானா. ஆயாவுக்குப் பேஸ்மேக்கர் வெச்சு ஆறு வருஷமாச்சு. கண்ணு வீடியோவுல இருக்க, கை மட்டும் போயி நெஞ்சுல அந்தப் பெட்டி இருக்கிற மேட்டைத் தடவிக்கிட்டு இருக்கு.

"இது யாரு நெஞ்சு ஆத்தா?"ன்னு கேட்டாக.

"யாருன்னு எங்களுக்குத் தெரியாது ஆயா. நம்பர் மட்டும்தான் இருக்கும்."

"அவுகளுக்குத் தெரியுமா, இங்கின ஒண்ணு துடிச்சுக்கிட்டு இருக்குன்னு?"

வாய் ஓயாம பேசுறவ. அதுக்குப் பதிலே சொல்லல. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ சொல்லலைங்கிறதுகூட இல்ல, அந்தக் கேள்விக்கு என்ன பதில்னு எனக்கும் இன்னிக்கு வரைக்கும் தெரியல.

தேவகோட்டை ரஸ்தா:
கேள்வி நியாயமான கேள்விதான். 1951ல அமெரிக்காவுல ஹென்ரியெட்டா லாக்ஸ்னு ஒரு கறுப்பினப் பெண்மணி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே கட்டியில கொஞ்சம் எடுத்தாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல அவங்க இறந்துட்டாங்க. செல் இன்னும் உலகம் பூரா லேப்கள்ல வளர்ந்துக்கிட்டிருக்கு. 20 வருஷத்துக்கு மேல வீட்டுக்காரங்களுக்கே தெரியாது. உங்க தங்கச்சி பதில் சொல்லாம போனதுக்குக் காரணம் இருக்கும். இந்த லேப்காரங்களுக்கு ஆள் முக்கியமில்ல, செல்தான் முக்கியம். என் அனுபவம் ஒண்ணும் பெரிசில்ல. ஒரு தடவை திருச்சியில ரயில்ல பக்கத்து சீட்டுல அப்படி ஒருத்தர் வந்தாரு, அஞ்சு மணி நேரமும் லேப்டாப்பைத்தான் பார்த்தாரு.

லேப் கோட்:
ரஸ்தா அண்ணே, அந்த அம்மா கதை உண்மை. ஆனா அது புற்றுநோய்ச் செல், ஸ்டெம் செல் இல்ல. அந்த மாதிரிக் கதைகள் வெளிய வந்ததும் ஒரு காரணம், இன்னிக்குச் சம்மதப் படிவத்துல கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு ரத்தம்கூட எங்க லேப் வாசல் தாண்டாது. ரயில்ல வந்த ஒருத்தரை வெச்சு எங்க எல்லாரையும் எடை போடாதீங்க.

நானும் காரைக்குடிதான். சின்ன வயசுல விஞ்ஞானின்னு நான் கண்ணால பார்த்தது சிக்ரிக்கு, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு, சைக்கிள்ல போறவங்களைத்தான், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்து வந்த அதே சிக்ரி. இப்ப வேற ஊர்ல ஸ்டெம் செல் லேப்ல இருக்கேன்.

ஆயா பார்த்த திட்டு எப்படி வருதுன்னா, ஒருத்தரோட ரத்தத்துலயோ தோல்லயோ கொஞ்சம் எடுத்து, நாலு ஜீன்களை உள்ள செலுத்தி, செல்லை அதோட ஆரம்ப நிலைக்குத் திருப்புவோம். எந்தச் செல்லாவும் மாறக்கூடிய அந்த நிலைதான் ஸ்டெம் செல், அதுல இருந்துதான் அப்புறம் இதயச் செல் வரும். ஜப்பான்ல யமனாகா 2006ல எலிச் செல்லுலயும் 2007ல மனுஷச் செல்லுலயும் செஞ்சு காட்டினது, 2012ல நோபல் குடுத்தாங்க. மூணு நாலு வாரத்துல சின்னச் சின்னக் கூட்டமா எழும்பும். நல்லதை மைக்ராஸ்கோப்புல பார்த்துப் பார்த்துக் கையாலதான் பொறுக்கி எடுக்கணும். அப்புறம் தினமும் திரவம் மாத்தணும். ஞாயித்துக்கிழமையும் மாத்தணும், தீபாவளிக்கும் மாத்தணும். விட்டா செல் தன் இஷ்டத்துக்கு வேற எதுவாவோ மாற ஆரம்பிச்சிடலாம். உங்க தங்கச்சியைத் திட்டாதீங்க அக்கா.

என் கதை இதுதான். சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஒரு குழந்தையோட ரத்தத்துல இருந்து நாலு மாசம் வளர்த்தேன். அந்தக் குழந்தை நடுவுல இறந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரிப் பக்கத்துல இருந்து தகவல் வந்தது. பேரு தெரியாது, நம்பர்தான். அடுத்த வாரம் உறைய வெச்சுப் பத்திரப்படுத்தலாம்னு இருந்தேன். திங்கக்கிழமை காலையில இன்குபேட்டர் திறக்கிறேன், ரோஸ் நிறத்துல தெளிவா இருக்க வேண்டிய திரவம் கலங்கிக் கிடக்கு. மைக்ராஸ்கோப்புல வெச்சா பஞ்சு மாதிரி நூல் நூலாப் பூஞ்சை. எல்லாத் தட்டுலயும். திரும்ப ரத்தம் வாங்க ஆளே இல்ல.

எங்க லேப் டெக்னீஷியன் அக்கா வந்து பார்த்தாங்க. 20 வருஷமா இதே வேலையில இருக்கிறவங்க. என்னைத் திட்டல. தட்டுகளை ஒவ்வொண்ணா எடுத்து பிளீச் ஊத்தினாங்க, நோட்டுல அந்த நம்பருக்கு நேரா தேதி போட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "வீட்டுக்குப் போய் தலைக்குக் குளி. நாளைக்கு வா"ன்னாங்க.

போய்க் குளிச்சேன். ஆயா கேள்விக்கு இது பதில் இல்லைன்னு தெரியும் அக்கா. படிச்சதும் இதுதான் ஞாபகம் வந்தது.

கானாடுகாத்தான் பெரியவர்:
நான் விஞ்ஞானி இல்லை. சென்னையில் ஒரு ஆராய்ச்சி லேபில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். திரவ நைட்ரஜன் ஊற்றுவது என் வேலை. மைனஸ் 196 டிகிரி. தொட்டியில் மரக்குச்சியை விட்டு எடுத்தால் பனி எவ்வளவு தூரம் படிகிறதோ அவ்வளவு இருப்பு. குறைந்தால் ஊற்ற வேண்டும். மூடிய அறையில் தனியாகச் செய்யக் கூடாது, ஆவி காற்றை விரட்டிவிடும், மயங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளம். கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் டீசல் ராத்திரி வரைக்கும்தான் வரும். லேபில் நான், வாட்ச்மேன், ஒரு பொண்ணு மூன்று பேர். இன்குபேட்டர் 37 டிகிரியில் இருந்தால்தான் செல் பிழைக்கும். நைட்ரஜன் தொட்டிக்குக் கரண்டு வேண்டாம். அதனால் உயிரோடு இருக்கிற எல்லாவற்றையும் உறைய வைத்துவிட வேண்டும் என்று அந்தப் பொண்ணு முடிவு செய்தது. ஒரேயடியாக முக்கினால் செல் செத்துப் போகும், மெதுவாகக் குளிர வேண்டும். அதற்குரிய ஃப்ரீசர் நின்றுபோய்விட்டது. என்ன செய்தது தெரியுமா, சின்னச் சின்னக் குப்பிகளின் கழுத்தில் தையல் நூலைக் கட்டி, தொட்டி வாயில் ஆவி படும் உயரத்துக்குத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. நான் டார்ச் பிடித்தேன். அது நூலைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் காப்பாற்றக் குப்பி போதாது. நோயாளிகளிடமிருந்து வந்தவை முதலில், தன்னுடைய ஆராய்ச்சிக்கு உரியவை கடைசியில். அதனுடையதில் பாதி போய்விட்டது.

ரஸ்தா தம்பி, ஆள் முக்கியமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரவு நீங்கள் டார்ச் பிடித்திருந்தால் அப்படி எழுத மாட்டீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:
பெரியவருக்கு வணக்கம். அந்த வரியை எழுதினது தப்புதான். எடுத்துக்கிறேன். ஆனா கையெழுத்து வாங்கிட்டா மட்டும் போதுமாங்கிற கேள்வியை விட மாட்டேன். ஆஸ்பத்திரியில நீட்டுற எந்தத் தாளை நாம படிச்சுட்டுப் போட்டிருக்கோம்?

கொத்தமங்கலம் அண்ணன்:
மருமகளுக்கு ஏழாம் மாசம். லேப்ல இருந்து வர்றோம்னு கோட்டு போட்ட ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து, தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிச்சா பிற்காலத்துல எந்த நோய்க்கும் மருந்துன்னாங்க. முகப்புல உட்கார வெச்சுக் காபி குடுத்துட்டு, "நீங்க லேப்ல என்ன வேலை பார்க்கிறீங்க?"ன்னு கேட்டேன். ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அவங்க விற்பனைப் பிரதிநிதிங்க.

கர்ப்பிணி உள்ள வீட்டுக்காரங்க கவனமா படிங்க. தொப்புள்கொடி ரத்தத்துல ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல் இருக்கிறது நிஜம். ஆனா தலசீமியா மாதிரி பரம்பரை நோய்க்குக் குழந்தையோட சொந்த ரத்தமே உதவாது, அதே குறை அதுலயும் இருக்குமே. உதவுறதா இருந்தா கூடப்பிறந்ததோட ரத்தம். அதுவும் பொருந்துறதுக்கு நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே அப்படி நோய் இருந்து, டாக்டரே எடுத்து வைக்கச் சொன்னா வையுங்க, அது வேற கணக்கு. மத்தபடி காப்பீடு மாதிரி தனியார்கிட்ட சேமிக்கிறதை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டியில பரிந்துரைக்கல. அதே வழிகாட்டிப்படி ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று மாதிரி நிரூபணமான சிகிச்சை தவிர, ஸ்டெம் செல்னு சொல்லி ஊசி போடுறதெல்லாம் அனுமதி வாங்கின பரிசோதனைக்குள்ளதான் நடக்கணும். பரிசோதனைன்னா சி.டி.ஆர்.ஐ. (மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் கேளுங்க, இணையத்துலயே பார்த்துக்கலாம். நோயாளிகிட்ட காசு வாங்கிக்கிட்டுப் பரிசோதனைன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. பிரசவ வலி நேரத்துல கையெழுத்துப் போடாதீங்க. ஒப்பந்தத்துல கம்பெனி மூடினா ரத்தம் என்னாகும்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க.

பள்ளத்தூர்க்காரி:
அண்ணே, நல்ல விஷயம்தான், தனியா ஒரு பதிவாப் போடுங்க, நிறையப் பேருக்கு உதவும். இங்க கேட்டது வேற.

கல்லல் அப்பா:
கொத்தமங்கலம் அண்ணன் சொன்னதை 2019ல யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதான்னு படிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். இல்ல, ஒருத்தங்க சொன்னாங்க. அதைத்தான் எழுத வந்தேன்.

பையனுக்கு டுஷென் தசைச் சிதைவு. அப்ப 7 வயசு. தரையில இருந்து எந்திரிக்கத் தொடையில கையை ஊன்றி ஏறி ஏறி எந்திரிப்பான். பேப்பர்ல ஏதோ ஒரு லேப் பத்திப் படிச்சு, சொல்லாமக் கொள்ளாம அவனைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். கேட்டுல விடல. மத்தியானம் வரைக்கும் நின்னேன். ஒரு அம்மா இறங்கி வந்தாங்க. உள்ள கூப்பிட அனுமதி இல்லைன்னு சொல்லிட்டு, என் கூடவே வாசப் படியில உட்கார்ந்தாங்க. பஸ் டிக்கெட் பின்னாடி படம் போட்டுக் காட்டினாங்க. தசைக்குள்ள ஒரு புரதம் இல்ல, அதுக்கான ஜீன்லயே கோளாறு, இவன் செல்லையே எடுத்து இவனுக்குப் போட்டா அதே கோளாறுதான் போகும்னு. "இன்னிக்கு என்கிட்ட உங்களுக்குக் குடுக்க எதுவும் இல்ல சார். குடுக்கிறேன்னு யாராவது காசு கேட்டா குடுத்துடாதீங்க. ஸ்டீராய்டு மாத்திரையும் பயிற்சியும் நிறுத்தாதீங்க"ன்னாங்க.

எனக்கு ஆத்திரம். கையில வெச்சுக்கிட்டே இல்லைங்கிறாங்களேன்னு. போறப்ப மெதுவா கேட்டாங்க, ஆராய்ச்சிக்குப் பையனோட ரத்தம் கொஞ்சம் தர முடியுமான்னு. இவனுக்கு இப்ப எந்தப் பலனும் கிடைக்காதுன்னு அவங்களே சொன்னாங்க. "ஒண்ணும் தர மாட்டீங்க, ரத்தம் மட்டும் வேணுமா"ன்னு கத்திட்டேன். பையன் அழுதுட்டான். அந்த அம்மா கையில பாதி மடிச்ச அந்த டிக்கெட். அதை என்கிட்ட குடுக்கவா வேண்டாமான்னு நின்னாங்க. வாங்காம வந்துட்டேன்.

அடுத்த மாசமே வேற ஊர்ல ஒரு கிளினிக். இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்து முதுகுல ஊசியாப் போட்டாங்க. 4 லட்சம். ஆத்தா வீட்டு நகையும் அதுல போச்சு. ஒரு மாத்தமும் இல்ல. இப்ப 13 வயசு. 11 வயசுல இருந்து சக்கர நாற்காலி.

ஆயா கேட்டாகளே, "அவுகளுக்குத் தெரியுமா"ன்னு. எனக்கு அப்படியே தலைகீழாக் கேக்குது. என் பையனோடது எங்கயும் இல்லையேன்னு இருக்கு. இப்பக் குடுக்கலாமா?

புதுவயல் அக்கா:
தம்பி, மனசை விடாதீங்க. என் நாத்தனார் மகனுக்கு ஹீமோஃபீலியா, ரத்தம் சரியா உறையாத நோய். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போய் வர்ற குடும்பம் எங்களது. அங்க நோயாளியோட ரத்த ஸ்டெம் செல்லுலயே ஜீனைச் சேர்த்துத் திரும்பக் குடுத்து, 5 பேருக்கு ரத்தக்கசிவு நின்னதை 2024 டிசம்பர்ல வெளியிட்டாங்க. நோய் வேற, நீங்க கேக்கிறது வேறன்னு தெரியும். எத்தனை வருஷம் யார் யாரோ ரத்தம் குடுத்துக்கிட்டே இருந்திருப்பாங்கன்னு நினைச்சேன்.

முன்னாள் ஃபெலோ:
எல்லாரும் உருகுறீங்க. பெரியவர் சொன்ன அந்தப் பொண்ணுக்கு அந்த மாசம் சம்பளம் வந்துச்சான்னு யாராவது கேட்டீங்களா? நானும் ஞாயித்துக்கிழமை விடாம செல்லுக்குச் சாப்பாடு போட்டவன். ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை 2023ல இருந்து மாசம் 37,000ன்னு ஆச்சு, சரி. எனக்கு ஒரு தடவை அஞ்சு மாசம் வரல. ஹாஸ்டல் மெஸ்ல கடன். செல்லுக்கு ஊத்துற திரவம் ஒரு பாட்டில் என்ன விலைன்னு தெரியும், அதைக் கையில வெச்சுக்கிட்டு மத்தியானச் சாப்பாடு இல்லாம நின்ன ஒரு நாள் மறக்கல. முறை வெச்சு ரெண்டு பேரைப் போட்டா யாரும் நோன்பு விட்டுட்டு ஓட வேண்டாம். பள்ளத்தூர் அக்கா, தங்கச்சியைத் திட்டாதீங்க, ஆனா பெருமையும் படாதீங்க. சாப்பிட்டாளா தூங்கினாளான்னு கேளுங்க.

லேப் கோட்:
ஃபெலோ அண்ணே, நீங்க சொல்றதுல ஒரு எழுத்துக்கும் மறுப்பு இல்ல.

கல்லல் அண்ணே, குடுக்கலாம். நேரா லேப்புக்குப் போகாம, பையனைப் பார்க்கிற நரம்பியல் டாக்டர்கிட்டயோ மரபணு மருத்துவர்கிட்டயோ கேளுங்க, எந்த ஆய்வு நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். சில மில்லி ரத்தம்தான். எதுக்கு, எவ்வளவு காலம் வெச்சிருப்பாங்க, வேற யாருக்காவது குடுப்பாங்களான்னு தாள்ல இருக்கும், தமிழ்லயே கேட்டு வாங்குங்க. பின்னால வேண்டாம்னு விலகிக்கவும் உரிமை உண்டு. இன்னொண்ணு, 12 வயசு தாண்டிட்டதால நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டா போதாது. அவன்கிட்டயும் விளக்கிச் சொல்லி, அவனும் எழுத்துல இசைவு தரணும். ரஸ்தா அண்ணன் கேட்டதுக்கும் சேர்த்துச் சொல்றேன், கேள்வி கேக்காம போடுற கையெழுத்தை நல்ல லேப் வாங்காது.

கல்லல் அப்பா:
நேத்து ராத்திரி அவன்கிட்ட சொன்னேன். 2019ல அந்தப் படிக்கட்டுல நடந்ததையும் சேர்த்துத்தான். அவனுக்கு ஞாபகம் இருக்கு. "அந்த அம்மா எனக்குப் பிஸ்கட் குடுத்தாங்க, நீங்க வாங்க விடல"ன்னான். அது எனக்கு ஞாபகமே இல்ல.

செல்லை எத்தனை வருஷம் வெச்சிருப்பாங்கன்னு கேட்டான். நைட்ரஜன்ல இருந்தா ரொம்ப வருஷம் இருக்குமாம்னு, கானாடுகாத்தான் ஐயா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். அந்த நூல் கட்டினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னான்.

சரின்னு சொல்லல. முழுப் பரீட்சை முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கான்.