ஸ்விஃப்ட்டுக்கு ஹோண்டா சிட்டி அலாய் ஏறுமா? வாங்குறதுக்கு முன்னாடி எதை எதை அளக்கணும்?

பானஸ்வாடி ஸ்விஃப்ட்:
2014 ஸ்விஃப்ட் விடிஐ வெச்சிருக்கேன். இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர். பெங்களூர் சிவாஜி நகர் குஜரியில (பழைய சாமான் சந்தை) ஒரு கடையில 2015 ஹோண்டா சிட்டியிலிருந்து கழட்டின 15 இன்ச் கம்பெனி அலாய் (அலுமினிய ரிம்) நாலு இருக்கு, 175/65 ஆர்15 டயரோட. "ரெண்டும் நாலு ஹோல், நூறு பி.சி.டி., அப்படியே ஏறும்"னு கடைக்காரர் சொல்றார். தினமும் சில்க் போர்டு வழியா ஓட்டம், மாசம் ஒரு தடவை குடும்பத்தோட வேலூர். பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

அளவுநாடா:
பி.சி.டி. (நட் ஹோல்கள் நிக்கிற வட்டத்தோட விட்டம்) பத்தி கடைக்காரர் சொன்னது சரி, ரெண்டும் 4×100, அதாவது நாலு ஹோல், 100 மி.மீ. ஆனா அது முதல் படி மட்டும்தான். நாலு ஹோல் ரிம்மில எதிரெதிர் ஹோல்களோட நடுவுக்கு நடு அளந்தா 100 மி.மீ. வரணும். ஃபோர்டு ஃபிகோவும் நாலு ஹோல்தான், ஆனா 108. கண்ணால பார்த்தா வித்தியாசம் தெரியாது.

அடுத்தது நடு ஓட்டை. ஸ்விஃப்ட் ஹப் (ரிம் நடு ஓட்டை உட்காருற மேடு) 54.1 மி.மீ., சிட்டி ரிம் 56.1. உள்ளே போயிடும், ஆனா சுத்தி 1 மி.மீ. இடைவெளி நிக்கும். ரிம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா ஊருக்குள்ள ஒண்ணும் தெரியாது. அத்திபெலே தாண்டி ஹைவேயில 80-ஐ தொட்டதும் ஸ்டீயரிங் உதறும். எத்தனை தடவை பேலன்சிங் பண்ணாலும் போகாது, ஏன்னா மெஷின்ல ரிம் சரியான நடுவுல நிக்குது, வண்டியில நிக்கல. 56.1-லிருந்து 54.1-க்கு இந்த இடைவெளியை அடைக்கிற அலுமினிய ஹப் ரிங் நாலு வாங்குங்க. சுவர் 1 மி.மீ.தான் இருக்கும், அதனால பிளாஸ்டிக் வேண்டாம், கழட்டும்போதே உடையும். ஹப்பில இருக்கிற துருவை கம்பி பிரஷ் போட்டு சுத்தம் பண்ணிட்டு மாட்டுங்க.

மூணாவது ஆஃப்செட், அதாவது ரிம் ஹப்பில ஒட்டுற முகம் ரிம்மோட நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்குங்கிறது. ரிம்மோட பின்பக்கம் அகலமும் (இன்ச்ல, கூடவே ஜே எழுத்து) ஆஃப்செட்டைச் சொல்ற ஈ.டி. நம்பரும் அச்சில இருக்கும். பழைய ரிம், புது ரிம் ரெண்டையும் போட்டோ எடுத்துக்குங்க. கணக்கு சுலபம்: அகலத்தை மி.மீ.க்கு மாத்தி, அதில பாதியோட ஈ.டி.யை கூட்டினா உள்பக்கம், கழிச்சா வெளிப்பக்கம். உதாரணத்துக்கு 5½ ஜே, ஈ.டி. 45-ஐ எடுத்துட்டு 6 ஜே, ஈ.டி. 53 போட்டா ரிம் உள்பக்கம் சுமார் 14 மி.மீ. கூடுதலா போகும். அது ஷாக் அப்சார்பரை நோக்கி. வெளியே இருந்து பார்த்தா ரெண்டு மி.மீ. கூட மாறியிருக்காது, அதனால யாரும் கவனிக்கிறதில்ல.

ஹொசூர் ரோடு:
நாலு ஹோலும் 100-ம் சரியா இருந்தா போதும். ஸ்விஃப்ட்டோட நட்டையே போட்டு முடுக்கலாம், எந்த டயர் கடையிலும் அப்படித்தான் செய்றாங்க.

நட்டு போல்ட்டு:
மேலே சொன்னதை தயவு செஞ்சு செய்யாதீங்க. இந்த மாத்தத்தில ஆபத்தான இடமே நட்டுதான்.

ஸ்விஃப்ட் ஸ்டட் (நட் ஏறுற போல்ட்) எம்12×1.25 மரை, அதாவது 12 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.25 மி.மீ. சிட்டி நட் எம்12×1.5. சிட்டி நட்டை ஸ்விஃப்ட்ல கையால போட்டா ஒண்ணு ரெண்டு சுத்து ஏறி இறுகும். அப்போ ஏர் கன் வெச்சு அடிச்சா மரையை வெட்டிக்கிட்டே உள்ளே போகும், "டைட் ஆயிடுச்சு"ன்னு தோணும். ஸ்டட் போயிடும்.

சரி, ஸ்விஃப்ட் நட்? மரை சரி, ஆனா உட்காருற முகம் வேற. சுசுகி நட்டோட முகம் நேர் சரிவான கூம்பு. ஹோண்டா கம்பெனி அலாயோட ஹோல் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும், உருண்டை முக நட்டுக்காக செஞ்சது. கூம்பு கிண்ணத்துல முழுசா ஒட்டாது. மெல்லிசா ஒரு வட்டக் கோட்டுல மட்டும் தொடும். மொத்த அழுத்தமும் அந்தக் கோட்டுல விழுறதால அலுமினியம் நசுங்கும், நசுங்கின அளவுக்கு நட்டோட பிடி தளரும். திரும்ப முடுக்கினா திரும்ப நசுங்கும்.

சந்தேகம் இருந்தா இப்படி பாருங்க. நட் முகத்துல கறுப்பு மார்க்கர் பூசி, காயறதுக்குள்ள ஹோல்ல வெச்சு கையால அழுத்தி திருப்பி எடுங்க. ஹோல்ல அகலமா பட்டை விழுந்தா பொருத்தம். நூல் மாதிரி கோடு விழுந்தா பொருத்தமில்ல.

உங்களுக்கு வேண்டியது எம்12×1.25 மரை, உருண்டை முகம். பதினாறு. எல்லா கடையிலும் கிடைக்காது, ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகள்ல விசாரிக்கும்போது மரை, முகம் ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்க, "அலாய் நட்"னு மட்டும் கேட்டா கூம்பு நட்டைத்தான் எடுத்துக் கொடுப்பாங்க. மாட்டும்போது சுத்து எண்ணுங்க: 1.25 மரையில குறைஞ்சது பத்து முழு சுத்து ஏறணும்.

பானஸ்வாடி ஸ்விஃப்ட்:
மார்க்கர் வெச்சு பார்த்தேன். நூல் கோடுதான். நட் தனியா தேடுறேன். டயர் அளவு பரவாயில்லையா?

அளவுநாடா:
உங்க டயரோட மொத்த விட்டம் 619.6 மி.மீ. சிட்டி டயர் 608.5. வண்டி அஞ்சரை மி.மீ. இறங்கும், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்துல 98 போகும். இது சின்ன விஷயம். லோடு இண்டெக்ஸைப் பாருங்க: உங்களோடது 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. 175/65 ஆர்15 பொதுவா 84, 500 கிலோ. குடும்பமும் மூட்டையுமா வேலூர் போற வண்டிக்கு இந்த நம்பரைக் குறைக்க வேண்டாம். ஸ்விஃப்ட் இசட்டிஐ-க்கு கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15 போடுங்க. விட்டம் 621.5, லோடு 88. ரிம் அகலம் 5½ இருந்தா தாராளமா உட்காரும்.

2015 வண்டி டயர்னா பக்கவாட்டுல நாலு இலக்க தேதியையும் பாருங்க. 2315-னா 2015-ல 23-வது வாரம். அப்படி இருந்தா டயருக்கு ஒரு ரூபாயும் சேர்க்காம ரிம்முக்கு மட்டும் விலை பேசுங்க.

நட்டு போல்ட்டு:
டயரைக் கழட்டச் சொல்லி வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷின்ல சுத்திப் பாருங்க. உள்விளிம்பு மேலும் கீழும் ஆடினா வளைஞ்சிருக்கு. நம்ம ஊர் பள்ளத்துல அடிபடுறது பெரும்பாலும் உள்விளிம்புதான், வெளிப்பக்கம் புதுசா பெயின்ட் அடிச்சிருப்பாங்க. உள்ளே வெல்டிங் தழும்பு தெரிஞ்சா அந்த ரிம் வேண்டாம்.

நாலையும் மாட்டுறதுக்கு முன்னாடி, முன்சக்கரம் ஒண்ணு, பின்சக்கரம் ஒண்ணு மட்டும் மாட்டுங்க. ஜாக்கியில தூக்கி கையால சுத்தி பிரேக் காலிப்பர்ல உரசுதான்னு கேளுங்க. உள்ளே ஒட்டுற பேலன்சிங் எடைக் கட்டிகூட உரசலாம். இறக்கிட்டு ரெண்டு பக்கமும் முழுசா ஸ்டீயரிங் ஒடிங்க. பின்சீட்ல மூணு பேர் உட்கார்ந்து ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கட்டும். எல்லாம் சரின்னா கார் மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (முடுக்க வேண்டிய விசை அளவு) குறுக்கு வரிசையில முடுக்கி, 50-லிருந்து 100 கி.மீ. ஓடினதும் மறுபடி ஒரு தடவை முடுக்குங்க.

இன்னொண்ணு, ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்தானே? அதுக்கு கூம்பு நட்தான் வேணும். பழைய நட் நாலை ஒரு பையில போட்டு ஜாக்கிகூடவே வெச்சிடுங்க.