வாதத்தையும் விளக்கத்தையும் பிரித்தறியக் கற்பிப்பது எப்படி?

எழுத்தில் உள்ள வாதத்தைக் கண்டறிய ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு 6 வாரங்களாகக் கற்பித்து வருகிறேன். ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டோம். ‘ஏனெனில்’ என்ற சொல்லைக் கண்டாலே வாதம் என்று அடிக்கோடிட்டுவிடுகிறார்கள். ‘சாலை நனைந்திருக்கிறது, ஏனெனில் இரவில் மழை பெய்தது’ என்பது விளக்கம்; நமக்குத் தெரிந்த ஒன்றுக்குக் காரணம் சொல்கிறது. ‘இரவில் மழை பெய்திருக்க வேண்டும், ஏனெனில் சாலை நனைந்திருக்கிறது’ என்பதே வாதம்; ஒரு முடிவை ஏற்கச் செய்யச் சான்று தருகிறது. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டியபோது தலையசைத்தவர்கள், மறுநாள் பாடப்பகுதியில் மீண்டும் தடுமாறினார்கள். முடிவுக்கும் காரணத்துக்கும் வெவ்வேறு வண்ணம் தீட்டச் சொன்னேன். பத்தி முழுவதும் வண்ணமானதுதான் மிச்சம். ‘இதை யாராவது மறுக்கக்கூடுமா?’ என்று கேட்டுப் பார்க்கச் சொன்னது சற்றுப் பலனளித்தாலும், ‘ஏனெனில்’ போன்ற இணைப்புச்சொல்லே இல்லாத வாதங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இணைப்புச்சொற்களை நம்பாமல் வாதத்தை அடையாளம் காண, இந்த வயதினருக்கு எந்தப் பயிற்சி உங்கள் வகுப்பில் பலன் தந்தது?